ராஜூலாவில் வந்தவர்களும் கப்பல் விட்டவர்களும்



கப்பலேறிப் பிழைக்கப் போனவர்கள் கோடிக்கணக்கானோர். அவர்களில் கப்பலுக்கே முதலாளி ஆனவர்கள் மிகச் சிலர். ஸ்வீடன் நாட்டு லைசெகில் என்ற கடலோர ஊரில் 1849இல் பிறந்த வில்லியம் மேட்சன் அப்படி ஒருவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, பதின்ம வயதில் கப்பலில் எடுபிடி வேலை பார்த்து அமெரிக்கா சேர்ந்தார். 1882இல் எம்மா கிளாடினா என்ற பாய்மரக் கப்பலில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹவாய்த் தீவுக்குச் சரக்கு கொண்டுபோனார். திரும்பும்போது சர்க்கரை ஏற்றிவந்தார். அவர் பெயரிலான நிறுவனம் இன்றும் அந்தக் கடலில் கப்பல் விடுகிறது. அவருடைய உழைப்பை எல்லோரும் சொல்வார்கள். சர்க்கரைத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த கிளாஸ் ஸ்பிரக்கல்ஸ் அவருக்குக் கைகொடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நம் ஊரான சிங்கப்பூருக்கு வருவோம். 1918இல் சீனாவில் பிறந்து, மலாயாவுக்கு வந்து, பின்பு சிங்கப்பூரில் நிலைகொண்டவர் சாங் யுன் சுங். மாண்டரின் உச்சரிப்பில் சாங் என்று வரும் அதே குடும்பப் பெயரை ஹொக்கியன்காரர்கள் தியோ என்பார்கள். அதனால்தான் தந்தை சாங், மகன் தியோ சியோங் செங். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நம்மிடம், இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் இங்குள்ள அடையாள அட்டையில் வேறு பெயருமாகத் திண்டாடியவர்கள் உண்டு. நமக்கு இது புரியாத விஷயமல்ல.

சாங் 1967இல், ஐம்பதை நெருங்கும் வயதில், பசிபிக் இன்டர்நேஷனல் லைன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். கையில் இருந்தது பழைய கப்பல். சீனத் துறைமுகங்களோடு வணிகம் செய்யப் பலர் தயங்கிய காலத்தில் அவர் அங்கே கப்பல் அனுப்பினார். பிறகு ஆப்பிரிக்கத் துறைமுகங்கள், அதன் பின் கொள்கலன் கப்பல்கள். அந்த நிறுவனத்தின் கப்பல்களுக்கெல்லாம் 'கோத்தா' என்றே பெயர் தொடங்கும். மலாய் மொழியில் கோத்தா என்றால் கோட்டை, நகரம். நம் 'கோட்டை'க்கு உறவான சொல். பாசிர் பாஞ்சாங் பக்கம் போகும்போது கப்பலின் முகப்பில் அந்த எழுத்துகளைப் பார்த்தால், சொந்தக்காரர் வீட்டைக் கடந்து போவது போல எனக்கு இருக்கும்.

நூறு வயதைத் தாண்டியும் அவர் அலுவலகம் போய்வந்தார். 2020இல் தம் 102ஆவது வயதில் காலமானார். அப்போது நிறுவனம் பெருங்கடனில் இருந்தது. மறு ஆண்டே அரசுக்குச் சொந்தமான தெமாசெக்கின் துணை நிறுவனமான ஹெலிகோனியா பெரும் முதலீட்டோடு உள்ளே வந்து காப்பாற்றியது. இதை அவருக்குக் குறையாக நான் சொல்லவில்லை. கப்பல் தொழிலில் நான்கு நல்ல வருடத்து லாபத்தை ஒரு கெட்ட வருடம் விழுங்கிவிடும். அந்தக் கெட்ட வருடத்தில் பின்னால் நிற்க ஆள் உண்டா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சாங் தொழில் தொடங்கியபோது சிங்கப்பூருக்கு விடுதலை கிடைத்து இரண்டே ஆண்டுகள். 1966இல் கப்பல் பதிவேடு உருவானது. 1968இல் அரசே நெப்டியூன் ஓரியன்ட் லைன்ஸைத் தொடங்கியது. 1972 ஜூனில் தஞ்சோங் பகார் கொள்கலன் முனையத்துக்கு நிஹோன் என்ற முதல் கப்பல் வந்தது. கப்பல் ஓட்ட நினைப்பவனுக்குத் துறைமுகமும் அரசும் துணை நின்ற காலம் அது.

இதைச் சொல்லும்போதெல்லாம் என் மனம் தூத்துக்குடிக்குப் போய்விடும். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவுசெய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். காலியா, லாவோ என்ற இரு கப்பல்களும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன், 'பி.ஐ.' கம்பெனி. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றதாக எங்கள் பக்கம் இன்றும் சொல்வார்கள். துறைமுகமும் ஆங்கிலேயர் கையில், நீதிமன்றமும் அவர்கள் கையில். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். கோவைச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். 1912இன் கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, கப்பலும் இல்லை. அவருக்கு வியாபாரம் தெரியவில்லை என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். மேட்சனுக்கு ஒரு ஸ்பிரக்கல்ஸ் இருந்தார், சாங்குக்கு ஒரு நாடு இருந்தது. வ.உ.சி.க்குப் பங்கு வாங்கிய மக்கள் இருந்தார்கள். அரசோ அவர் எதிரே நின்றது.

அதே பி.ஐ. கம்பெனி 1926இல் ராஜூலா என்ற கப்பலைக் கட்டுவித்தது. அது போன வழி சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர். இந்த அவையில் பாதிப்பேரின் தாத்தாவோ அப்பாவோ அதில் டெக்குப் பயணியாக வந்தவர்களாக இருப்பார்கள். நாகையில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய், அலை தூக்கும் நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் அவரவர் இடம். அரைநூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடி, 1973இல் கைமாறி, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது.

என் தாத்தா அதில் கொண்டுவந்த தகரப் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயர், அதன் கீழே சிங்கப்பூர். 'ர்' எழுத இடம் போதாமல் அதைச் சின்னதாக மேலே ஏற்றி எழுதியிருக்கிறார்கள். பக்கவாட்டில் பி.ஐ. கம்பெனியின் சீட்டு ஒன்று, பாதி கிழிந்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிராங்கூன் சாலை வாடகை அறையில் இருந்த காலத்தில் அந்தப் பெட்டிக்கு நேர் மேலே, காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட வ.உ.சி. படத்தைத் தாத்தா மாட்டி வைத்திருந்தாராம். வெள்ளிக்கிழமைகளில் பெட்டியின் மேல் ஏறி நின்றுதான் அந்தப் படத்துக்குப் பூ வைப்பார் என்று அப்பா சொல்வார்.