எந்த மருந்து?

(சாத்தூரில் நடந்த இளைஞர், மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நோட்டீசில் என்னைக் கவிஞர் என்று போட்டிருக்கிறார்கள். இன்றைக்குக் கவிதை வாசிக்கப் போவதில்லை. வங்கியில் கிளார்க்காக இருக்கிறவன், கவுண்டரில் பார்த்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஒரு அம்மா நிவாரணப் பணம் எடுக்க வந்தார்கள். கையெழுத்து போடத் தெரியாது, ரேகைதான். ரேகை வைக்க விரல் இல்லை. இரண்டு கையிலும் விரல்கள் வெந்து உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தன. கை ரேகை வைக்க முடியாதவர் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு கால் விரல் ரேகை வைக்கலாம் என்று வங்கிகளில் ஒரு விதி உண்டு. தரையில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துப் பெருவிரலில் மை தடவினேன். சாட்சிக்கு வந்த ஒருவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். காயத்தைப் பார்க்கப் பயந்தா, நான் காலைத் தொட்டதைப் பார்க்கச் சகிக்காமலா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"எந்த மருந்தும்மா வெடிச்சது?" என்றேன்.

"பச்சை உப்புக் கலவைப்பா. ஆஸ்பத்திரியில டாக்டரும் இதைத்தான் கேட்டாரு. திரி பத்திக்கிருச்சுன்னு மட்டும் சொல்லுன்னு போர்மேன் சொல்லிட்டாரு. நானும் அதையே சொன்னேன்."

மருந்து என்ற ஒரே சொல்லை எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் சொல்லுவோம். குழாயில் அடைப்பதும் மருந்து, நோய்க்குக் குடிப்பதும் மருந்து. முதல் மருந்தின் பெயர் தெரியாமல் இரண்டாவது மருந்தைச் சரியாகக் கொடுக்க முடியாது. இன்றைக்கு நான் பேச வந்தது இதைத்தான்.

நான் பி.எஸ்ஸி. வேதியியல். பச்சை உப்பு என்பது பேரியம் நைட்ரேட். பேரியம் உப்பைத் தீயில் காட்டினால் பச்சையாக எரியும் என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்து மார்க் வாங்கினேன். அது மனுஷ உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. பேரியம் வயிற்றுக்குள் போனால் ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியம் மளமளவென்று குறையும். கை கால் துவளும், இருதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசை ஓய்ந்துவிடும். வெந்து திறந்து கிடக்கிற தோல் வழியாகவும் அது உள்ளே போகக்கூடும். பேரியம் என்று தெரிந்த டாக்டர் உடனே ஈ.சி.ஜி. எடுப்பார், பொட்டாசியம் எவ்வளவு என்று பார்ப்பார், குறைந்திருந்தால் ஊசி வழியாக ஏற்றுவார். எதுவும் அபூர்வ மருந்து இல்லை, சாதாரண ஆஸ்பத்திரியில் இருப்பதுதான். "திரி பத்திக்கிருச்சு" என்று கேட்ட டாக்டர் தோலை மட்டும்தான் பார்ப்பார்.

பட்டாசில் பேரியம் உப்புக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சொன்னது. 2021-இல் மறுபடியும் கண்டித்துச் சொன்னது. நான் தடைக்கு எதிரி இல்லை. ஆனால் தடை செய்த சரக்கை வைத்துத் தொழில் நடத்துகிற முதலாளி, ஆஸ்பத்திரிக்கு வந்து அதன் பெயரைச் சொல்லுவானா? சொன்னால் லைசென்ஸ் போகும். சொல்லாவிட்டால் போவது எங்கள் காலனி உயிர். இந்தக் கணக்கில் அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இது எங்கள் ஊர் வியாதி மட்டுமில்லை. 1984 டிசம்பர் 2 ராத்திரி போபாலில் யூனியன் கார்பைடு வாயு கசிந்தபோது, ஆயிரக்கணக்கில் வந்து விழுந்த ஜனங்களை வைத்துக்கொண்டு டாக்டர்கள் இது என்ன வாயு, இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தவித்தார்கள். சொல்ல வேண்டிய கம்பெனி சரியாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான பொருள்கள் என்னென்ன என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றியிருக்கிற ஜனங்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று எழுதினார்கள். எங்கள் தெருவில் காலையில் வேன் ஏறுகிற ஒருத்தருக்காவது அப்படி ஒரு காகிதம் வந்து நான் பார்த்ததில்லை. உள்குத்தகைக்கு விட்ட பட்டாசு ஆபீசில் வேலை செய்கிற பெண்ணின் பெயரே எந்த ரிஜிஸ்தரிலும் இருக்காது. மருந்தின் பெயர் எங்கே இருக்கப் போகிறது?

அடுத்தது நேரம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பெரிய தீக்காயத்தில் முதல் ஒன்றிரண்டு நாளில் ஆளைக் கொல்வது வெந்த தோல் மட்டுமில்லை, உடம்பிலிருந்து வடிந்து போகிற நீர். அதை ஈடு செய்ய டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எடையையும் வெந்த சதவீதத்தையும் பெருக்கி நாலால் பெருக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள அக்காவுக்கு 40 சதவீதக் காயம் என்றால் 8000 மில்லி, அதாவது எட்டு லிட்டர். 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டியது. அதில் பாதி, நாலு லிட்டர், முதல் எட்டு மணி நேரத்துக்குள். அந்த எட்டு மணி நேரம் மதுரை பெரியாஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை. உடம்பு வெந்த நிமிஷத்திலிருந்து தொடங்குகிறது.

சிவகாசியிலிருந்து மதுரை எழுபது கிலோமீட்டருக்கு மேல். வண்டி கிடைத்து, ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு, அங்கிருந்து இன்னொன்றுக்கு எழுதிக் கொடுத்து, போய்ச் சேருவதற்குள் மூன்று மணி, நாலு மணி நேரம் ஓடிவிடுகிறது. ஆக, டிரிப் இங்கேயே ஏற வேண்டும். 108 வண்டி தமிழ்நாட்டில் 2008-இல் வந்தது. சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் இப்போது தீக்காயப் பிரிவு இருக்கிறது. விருதுநகர் மருத்துவக் கல்லூரி 2022-இல் திறந்தாகிவிட்டது. இவை இல்லாமல் செத்தவர்களின் கணக்கு நீளமானது.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நான் அப்போது கல்லூரி மாணவன். நாற்பது பேர் வரைக்கும் செத்தார்கள். செத்தவர்களில் பலர் அந்த ஆபீசில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள், அடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தார்கள் என்று அன்றைக்குச் சுலபமாகப் பேசினார்கள். உள்ளே அக்காவும் மதினியும் இருக்கிறபோது ஓடுகிறவனுக்குப் பெயர் வேடிக்கை பார்க்கிறவனா? ஆனாலும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: வெடித்துக்கொண்டிருக்கிற ஆபீசுக்குள் ஓடாதீர்கள். வெளியே வருகிறவர்களை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் விழுந்தால் தூக்க ஆள் இல்லை.

தீயை மட்டும் பார்க்கிறோம், புகையை மறந்துவிடுகிறோம். 2016 அக்டோபர் 20, சிவகாசி பைபாஸ் ரோடு. குடோனில் வண்டிக்குப் பட்டாசு ஏற்றும்போது தீப்பிடித்தது. புகை பக்கத்திலிருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகுந்தது. எட்டுப் பேர் அங்கேயே மூச்சு முட்டிச் செத்தார்கள். வைத்தியம் பார்க்கிற இடத்தில் இருந்தவர்கள், தோழர்களே. புகையில் அகப்பட்டவர் மேலில் ஒரு கொப்புளம் இல்லாமல் நடந்து வீட்டுக்கு வரலாம். கந்தகமும் வெடியுப்பும் எரிந்த வாயு நுரையீரலுக்குள் மெதுவாக வேலை செய்யும். ராத்திரியில் இழுக்கும், நுரையாகச் சளி வரும். குரல் கம்மினால், மூக்கு முடி கருகியிருந்தால், சளியில் கரி தெரிந்தால் "நல்லாத்தானே பேசுறாரு" என்று விட்டுவிடக் கூடாது. ஆக்ஸிஜன் வேண்டும், ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும்.

இனி, நம் கையில் இருக்கிற முதல் இருபது நிமிஷம். தண்ணீர். இருபது நிமிஷமும் ஓடுகிற தண்ணீர், ஐஸ் இல்லை. மருந்துத் தூள் மேலில் ஒட்டியிருந்தால் முதலில் துணியைக் கழற்றி, தூளை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, அப்புறம் தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். அலுமினியப் பவுடரில் கொஞ்சம் ஈரம் பட்டால் சூடேறும், அதனால்தான் தட்டிவிட்டு ஊற்றச் சொல்கிறேன். வளையல், மோதிரம், மெட்டி எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். தோலோடு ஒட்டின துணியைப் பிய்க்காதீர்கள், சுற்றி வெட்டிவிடுங்கள். எங்கள் சின்னம்மாவுக்குக் கை வெந்தபோது தெருவே கூடி இங்க் ஊற்றியது, அதற்கு மேல் மாவு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்த மாவைச் சுரண்டி எடுத்தபோது அவர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. இங்க் வேண்டாம், மாவு வேண்டாம், பேஸ்ட் வேண்டாம்.

ஆம்பளைகள் நிற்கிறார்களே என்று கனன்றுகொண்டிருக்கிற சேலையோடு உட்கார்ந்திருக்கிற பெண்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மானத்துக்கு ஒரு போர்வை போதும். ஒவ்வொரு வேனிலும் சுத்தமான போர்வை இரண்டு கிடக்கட்டும்.

இன்னொன்று, ஒரு துண்டுச் சீட்டு. அதில் இரண்டு வரி. எத்தனை மணிக்குக் காயம்பட்டது, எந்த மருந்து. பச்சை உப்பா, மணி மருந்தா, அலுமினியப் பவுடரா என்று உள்ளே இருந்த பெண்களுக்குத் தெரியும். போர்மேனைக் கேட்காதீர்கள், அவர்களைக் கேளுங்கள். எழுதி, காயம்பட்டவரோடு அனுப்புங்கள். டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வாங்கள்.

கால் ரேகை வைத்த அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "எங்க வேன்ல பதினாலு பேருப்பா, ஒருத்தருக்கும் எழுதத் தெரியாது" என்றார்கள். காலேஜ் படிக்கிற நீங்கள் இத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த வேன் காலை ஆறு மணிக்கு வருகிறது.