குழந்தைக்கேற்ற கணினி விளையாட்டு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கரக்பூர் இரயில்வே காலனியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடும் இத்திருநாளில், வள்ளுவரையும் கம்பரையும் பற்றிப் பேசவல்ல அறிஞர்கள் வீற்றிருக்கும் இம்மேடையில், கணினி விளையாட்டைப் பற்றி யாம் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். பயணச்சீட்டும் பதிவேடுமாகக் காலங்கழிக்கும் எழுத்தர் யாம். பத்தாம் வகுப்புக்கு மேல் பயின்றதில்லை. ஆயினும் சிறு குழந்தையை வளர்க்கும் பெற்றோர் என்னும் உரிமை ஒன்று எமக்குண்டு. அவ்வுரிமையைக் கொண்டே இன்று பேசத் துணிந்தோம்.

எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறிவிடுகிறோம். இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பினால் எமக்கு வேண்டுவது சில மணி நேர உறக்கம். எம் துணைவிக்கோ அடுக்களையில் கை ஓயாத வேலை. எம் மகளுக்கு அப்போது வயது நான்கு. குழந்தை அமைதியாக இருக்கட்டும் என்று, பலூன்களை உடைக்கும் விளையாட்டொன்றைக் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தோம். அதன்மீது 3+ என்னும் குறி இருந்தது. மூன்று வயது நிறைந்த குழந்தைக்கு ஏற்றது என்று பொருள் கொண்டோம், கவலையின்றி உறங்கினோம்.

ஒரு திங்கள் கழிந்தது. பொன்மலையில் இருக்கும் பாட்டி ஒருநாள் பேத்தியின் முகம் காண விரும்பிக் காணொளியில் அழைத்தார். விளையாட்டின் நடுவே வந்த அவ்வழைப்பைக் குழந்தை தன் விரலால் துண்டித்துவிட்டுப் பலூன் உடைக்கத் தொடங்கினாள். பாட்டி மீண்டும் அழைத்தார். அவள் மீண்டும் துண்டித்தாள். "பாப்பா தூங்கிவிட்டாளா, தம்பி?" என்று அன்று மாலை எம் அன்னையார் கேட்டபோது, "ஆம் அம்மா" என்று பொய் சொன்னோம். அந்தப் பொய்தான் எம்மைச் சிந்திக்கச் செய்தது. தவறு குழந்தையுடையதன்று, குறியைப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் பாராதிருந்த எம்முடையது.

அன்பர்களே, அந்த 3+ என்னும் குறியின் உட்பொருளை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். கணினி விளையாட்டுகளில் குருதியும் கொலையும் மிகுந்துவிட்டன என்று 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேலவையில் விவாதம் எழுந்தது. அதன் விளைவாக 1994இல் அந்நாட்டில் வயதுத் தரம் வகுக்கும் அமைப்பொன்று தோன்றிற்று. ஐரோப்பாவில் 2003இல் 'பெகி' என்னும் முறை வந்தது. 3, 7, 12, 16, 18 என ஐந்து படிகளை அது வகுத்தது. நம் நாட்டில் ஆண்டிராய்டு கைப்பேசியின் பிளே ஸ்டோரில் நாம் காணும் குறிகளும் அதே ஐந்து எண்களே. விளையாட்டைச் செய்தவர் ஒரு வினாத்தாளுக்கு விடை எழுதுகிறார். வன்முறை உண்டா, அச்சுறுத்தும் காட்சி உண்டா, தகாத சொல் உண்டா, சூது உண்டா என்பன போன்றவை அதிலுள்ள வினாக்கள். அவ்விடைகளைக் கொண்டே குறி வழங்கப்படுகின்றது.

ஆகவே அக்குறி, தீங்கான காட்சி இன்ன அளவில் இல்லை என்று மட்டுமே கூறுகின்றது. அவ்விளையாட்டு அந்த வயதுக் குழந்தைக்குப் பயன்படும் என்றோ, புரியும் என்றோ கூறவில்லை. சதுரங்க விளையாட்டுக்கும் 3+ என்றே குறி இருக்கின்றது. மூன்று வயதுக் குழந்தை சதுரங்கம் ஆடுமா? ஆடாது. அதைப் பார்ப்பதால் தீங்கில்லை, அவ்வளவே.

நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். இரயிலில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேளாதவரை கட்டணமில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருப்பின், தனிப் படுக்கை வேண்டாதவிடத்து, அரைக் கட்டணம். வயதைக் கேட்டு யாம் சீட்டு எழுதித் தருகிறோம். ஆனால் அக்குழந்தையை மேற்படுக்கையில் தனியே படுக்க வைக்கலாமா, சன்னலோரம் விடலாமா என்பதைச் சீட்டு சொல்லுமா? அதை உடன்வரும் தாயும் தந்தையுமே பார்த்துக்கொள்ள வேண்டும். வயதுக் குறியும் அவ்வாறானதே.

குறியால் அறிய இயலாத வேறு இரண்டும் உள. ஒன்று விளம்பரம். எம் மகளின் பலூன் விளையாட்டில் தீங்கொன்றும் இல்லைதான். ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவே வேறு விளையாட்டுகளின் விளம்பரம் வந்தது. அவற்றுள் ஒன்றில் கோர முகம் ஒன்று பாய்ந்து வரக் கண்டவள், பல நாள் இரவில் தனியே குளியலறைக்குச் செல்ல அஞ்சினாள். காரணம் எமக்குப் பின்னரே விளங்கிற்று.

மற்றொன்று பணம். இலவசம் என்று வரும் விளையாட்டுக்குள் காசும் வைரமும் விற்பனைக்கு இருக்கும். குழந்தைக்கு அது விற்பனை என்றே தெரியாது. பெற்றோர் அறியாமல் குழந்தைகள் இவ்வாறு வாங்கிய தொகையைத் திருப்பித் தருவதற்காக, அமெரிக்க வணிக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2014ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டாலரும், கூகுள் நிறுவனம் குறைந்தது 1 கோடியே 90 இலட்சம் டாலரும் அளிக்க இசைந்தன. பெருநாட்டுப் பெற்றோரே ஏமாந்த இடத்தில் நாம் விழிப்போடு இருத்தல் நன்று. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்குமாறு கைப்பேசியில் அமைத்துவிட்டால் இவ்விடர் பெரும்பாலும் நீங்கும்.

அங்ஙனமாயின் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? எம் அனுபவத்தில் கண்ட ஐந்து வினாக்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது: குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் அது எளிதா? எழுத்தறியாத பிள்ளைக்கு எழுத்தைப் படித்து ஆடும் ஆட்டம் ஆகாது. நொடி எண்ணி விரட்டும் ஆட்டமும் ஆகாது. தவறினால் மீண்டும் அமைதியாக முயல இடந்தருவதே நன்று.

இரண்டாவது: அதற்கு முடிவு உண்டா? ஒரு படத்தைத் துண்டு சேர்த்து முடித்தால் ஆட்டம் முடிந்தது. முடிவேயில்லாமல் பரிசுமேல் பரிசு காட்டி இழுத்துச் செல்லும் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னால் குழந்தை அழத்தான் செய்யும்.

மூன்றாவது: இணையத் தொடர்பை நிறுத்திய பின்னும் அது இயங்குகிறதா? இயங்குமாயின் விளம்பரமும் பெரும்பாலும் வாராது. முன்பின் அறியாதவர் பேச்சுக் கொடுக்கவும் வழியில்லை.

நான்காவது: குழந்தையின் பெயர், வயது, நிழற்படம் ஆகியவற்றைக் கேட்கின்றதா? 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமென்று 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. விரைவில் ஆடவேண்டும் என்பதற்காகப் பிள்ளையின் வயதைக் கூட்டி எழுதிவிடும் பழக்கத்தை நாம் கைவிடல் வேண்டும்.

ஐந்தாவது வினாவே தலையாயது: ஆடி முடித்த பின் அதைப் பற்றிப் பேச ஏதேனும் உண்டா?

இவ்வைந்துக்கும் விடை காண ஒரே வழி, குழந்தைக்குத் தருமுன் நாமே அரைமணி நேரம் ஆடிப் பார்த்தல். அரிசியைக் கையில் அள்ளிப் பாராமல் வாங்குகிறோமா?

கால அளவையும் மறத்தலாகாது. 2019ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டா என்கின்றது. நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, குறைந்தால் இன்னும் நன்று என்கின்றது. விளையாட்டு எவ்வளவு நல்லதாயினும் இவ்வரம்பு அதற்கும் உரியதே.

நல்லனவும் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தொடங்கப்பெற்ற 'ஜீகோம்ப்ரி' என்னும் தொகுப்பு, இரண்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்காக நூற்றுக்கு மேற்பட்ட சிறு விளையாட்டுகளைக் கொண்டது. பிரெஞ்சு மொழியில் 'எனக்குப் புரிந்தது' என ஒலிக்கும் பெயர் அது. மூன்று முதல் பன்னிரண்டு வயதினர் படம் வரைவதற்கு 2002இல் வந்த 'டக்ஸ் பெயிண்ட்' உண்டு. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் தாமே சிறு கதைகளை அசையச் செய்து பார்க்க, 2014இல் வந்த 'ஸ்கிராட்ச் ஜூனியர்' உண்டு. மூன்றும் இலவசம், மூன்றிலும் விளம்பரமில்லை.

எம் இல்லத்தில் பலூன் விளையாட்டை நீக்கினோம். மூன்று நாள் அழுகையும் அடமும் இருந்தன என்பதை மறைக்கவில்லை. பின்னர் மாலையில் அரைமணி நேரம், எம்மில் ஒருவர் உடன் அமர்ந்து, படம் வரையும் விளையாட்டை ஆடச் செய்தோம். உடன் அமர இயலாத நாளில் விளையாட்டும் இல்லை என்று வைத்துக்கொண்டோம். எமது காலை உறக்கத்துக்கு இடையூறு வந்தது உண்மையே. அண்டை வீட்டுத் தாய்மார் சிலர் குழந்தையை அழைத்துச் சென்று துணைபுரிந்தனர். அவர்களுக்கு எம் நன்றி என்றும் உரியது.

உடன் அமர்ந்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. நம் பிள்ளைகள் தெருவில் வங்காளம் கேட்கின்றனர். விளையாடுமிடத்தில் இந்தி பேசுகின்றனர். பள்ளியில் ஆங்கிலம் பயில்கின்றனர். தமிழுக்கு எஞ்சியிருப்பது வீடு ஒன்றே. அவ்வீட்டில் குழந்தை விழித்திருக்கும் சில மணி நேரத்தையும் பேசாத திரையொன்று எடுத்துக்கொள்ளுமாயின், தமிழ் அதன் செவியில் விழுவது எப்போது? பாட்டி அழைத்தாலும் பேசுவதற்குச் சொல் ஏது? அதே திரையின் முன் நாமும் அமர்ந்து, "இது என்ன நிறம்? யானைக்குத் தும்பிக்கை எங்கே? இன்னும் எத்தனை துண்டு மீதம்?" என்று கேட்டுக்கொண்டே ஆடுவோமாயின், அந்த அரைமணி நேரமே தமிழ் வகுப்பாகிவிடுகின்றது. நம் பாட்டிமார் பல்லாங்குழிப் பலகையின் எதிரே பேரப்பிள்ளையை அமர்த்திப் புளியங்கொட்டைகளை எண்ண வைத்தபோது செய்ததும் இதுவேயன்றோ? அங்கே பலகை கற்பிக்கவில்லை; எதிரே அமர்ந்தவர் கற்பித்தார்.

சென்ற தீபாவளியன்று பாட்டி அழைத்தார். குழந்தை தான் வரைந்த யானையைக் காட்டி, "பாட்டி, இது பச்சை யானை, மழை பெய்தால் மரமென்று நினைத்து இதன் அடியில் எல்லாரும் நிற்பார்கள்" என்றாள். பாட்டி அதை நம்ப மறுத்து வாதாடினார். அவ்வாதம் நெடுநேரம் நடந்தது. இம்முறை அழைப்பைத் துண்டிக்க வேண்டியவர்கள் நாங்களாக இருந்தோம். பணிக்குச் செல்லும் நேரம் ஆகிவிட்டது.

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலக அறையில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், ஒரு பழைய கணினியை வைத்து, பிள்ளைகளும் பெரியோரும் சேர்ந்து அமர ஏற்பாடு செய்யலாம். பெற்றோர் தாமே ஆடிப் பார்த்து நன்றெனக் கண்ட விளையாட்டுகளின் பெயரை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். எழுதும் பணியை யாமே மேற்கொள்கிறோம். பதிவேடு எழுதுவது எமக்குப் புதிதன்று.