நடு வரியில் நின்றவன்

(வட்டார வள மையத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு மாணவன், வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடு வரியில் நின்றுவிடுவான். கண் குத்திட்டு நிற்கும். உதடு எதையோ மெல்வதுபோல அசையும். வலது கை சட்டைப் பொத்தானைத் தடவும். ஒரு நிமிடம் கழித்து, "எங்க டீச்சர் விட்டேன்?" என்பான். திமிர் என்று நினைத்தேன். பெஞ்சின்மேல் ஏற்றி நிற்கவைத்திருக்கிறேன். வலிப்புள்ள குழந்தையை உயரத்தில் நிறுத்தினேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆம், அது வலிப்பு. கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்றிருக்கிறோம். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழும் வலிப்பு இப்படி ஓசையில்லாமலும் வந்து போகும்.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு மருத்துவர் சொன்ன பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிவந்து அவன் அம்மா என்னிடம் நீட்டினார்: 'ஃபோக்கல் கார்ட்டிகல் டிஸ்பிளாசியா'. அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். கருவில், மூளையின் நரம்பணுக்கள் உள்ளே இருக்கும் திரவ அறைகளின் ஓரத்தில் பிறக்கின்றன. இழை போன்ற துணை அணுக்களைப் பற்றிக்கொண்டு மேலேறி, புறணியில் ஆறு அடுக்குகளாக அமர்கின்றன. ஓரிடத்தில் அணுக்கள் சரியாக உருவாகாமலோ, தம் அடுக்கில் சேராமலோ போனால், அந்தச் சிறு துண்டே பிற்காலத்தில் வலிப்பைக் கிளப்பும். 1971-இல் லண்டனில் டேவிட் டெய்லரும் சக மருத்துவர்களும், அறுவை செய்து எடுத்த 10 வலிப்பு நோயாளிகளின் மூளைத் திசுவில் இதைக் கண்டு விவரித்தார்கள்.

"வயித்துல இருக்கறப்ப கிரகணத்துல வெளிய போயிட்டேன், அதனாலயா டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார். இல்லை. பல குழந்தைகளுக்கு, கருவளர்ச்சியின்போது மூளையின் சில அணுக்களில் மட்டும் தற்செயலாக நேரும் மரபணு மாற்றமே காரணம். இதை அவரிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பேன்.

இவ்வகை வலிப்பு பலருக்கு மாத்திரைக்கு அடங்குவதில்லை. தகுந்த இரண்டு மருந்துகள் பலிக்காவிட்டால், அறுவைக்கு வாய்ப்புண்டா என்று பார்க்கவேண்டும். அதற்கு மருத்துவருக்கு நம் குறிப்பு தேவை. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கை, தலை எந்தப் பக்கம் திரும்பியது? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நான் அதைத்தான் வைத்திருந்தேன். மருத்துவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெரிய வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடாதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.

அந்த ஆண்டு முழுவதும், அவன் நின்ற சொல்லின்மேல் பக்கத்து மாணவி விரலை வைத்துக் காத்திருப்பாள். தெளிந்ததும் அங்கிருந்தே வாசிப்பான்.