துரை பங்களா மடமான கதை



பழைய வீடுகளைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஏறாவூருக்குப் பக்கத்திலுள்ள செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி பிரிகிறதே, அதில் ஏறிப் பதுளை, பண்டாரவளை எல்லாம் கடந்து போனால் ஹப்புத்தளை வரும். அங்கே மலை உச்சியில் அடிஷம் என்றொரு கல்வீடு இருக்கிறது.

கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரன். கொழும்பு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள தம் சொந்த ஊரின் பெயரையே 1931இல் கட்டி முடித்த வீட்டுக்கும் வைத்தார். வடிவம் அங்குள்ள லீட்ஸ் கோட்டையைப் பார்த்து அமைத்தது.

கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? தேயிலையிலிருந்து வந்தது. அந்தத் தேயிலை? மலையகத் தமிழ்ப் பெண்களின் கொழுந்துக் கூடையிலிருந்து வந்தது! துரையின் பெயரை உலகம் அறியும். கூடை சுமந்தவளின் பெயரைக் கேட்டால் சொல்ல ஆளில்லை.

துரை நாடு திரும்பினார், வீடு கைமாறியது. கண்டி அம்பிட்டியவில் மடம் வைத்திருந்த சில்வெஸ்திரின் பெனடிக்ற் சபைத் துறவிகள் 1960களின் தொடக்கத்தில் அதை வாங்கினார்கள். வீடு புனித பெனடிக்ற் மடமானது. வந்தவர்கள் துரையின் தளபாடங்களைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. வரவேற்பறையும் நூலகமும் பழைய கோலத்திலேயே இருக்கின்றன. வார இறுதியில் எந்த மதத்தவரும் போய்ப் பார்க்கலாம். அமைதி தேடி வருவோர் தங்கவும் இடமுண்டு.

செபமும் உழைப்பும் பெனடிக்ற் துறவிகளின் நெறி. அதனால் வாசலிலேயே கடை! ஸ்ட்ரோபரி ஜாம், கொய்யா ஜெலி எனத் தாங்களே செய்து விற்கிறார்கள். ஒரு குடும்பம் அனுபவித்த மாளிகைக்குள் இன்று ஊரே போய்வருகிறது. ஆளும் வேலையும் உள்ள வீடுதான் நிற்கும். பூட்டிவைத்த வீட்டைக் கறையான் பார்த்துக்கொள்ளும்.

கூடை சுமந்தவளின் பெயரைப்போல் நம்மூர்ப் பெயர்களும் தொலையாதிருக்க, ஏறாவூர் மக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பழைய வீட்டையோ நெசவுக் கொட்டிலையோ இடிக்குமுன் படம் எடுங்கள். காணி உறுதிக்கு ஒரு பிரதி எடுங்கள். கட்டிய மேசன் யார், தச்சர் யார், தறியில் இருந்தவர் யார் என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பெயரோடு எழுதுங்கள். எழுதியதை ஊர் நூலகத்தில் ஒப்படையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.