தோளில் தெரிந்த வலி

சென்ற ஆண்டு என் பித்தப்பையை நுண்துளை அறுவை முறையில் அகற்றினார்கள். 1985-ஆம் ஆண்டில் எரிக் மூஹே என்னும் ஜெர்மானிய மருத்துவர் தொடங்கி வைத்த முறை இது. வயிற்றில் நான்கே சிறு துளைகள். ஆயினும் அன்றிரவு வலது தோள் கடுமையாக வலித்தது. மாரடைப்போ என்று அஞ்சினேன். அஞ்சியும் வாய் திறவாது பல்லைக் கடித்துக் கிடந்தேன். பொறுத்தலே வீரம் என்பது என் எண்ணம்.

விடியற்காலையில் செவிலியர் கண்டுகொண்டார். மருத்துவர் வந்து, நெஞ்சைச் சோதித்தபின் விளக்கினார்: "உள்ளே இடம் காண்பதற்காக வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்கிறோம். அது உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் நரம்புகளும் தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியில் சேர்வதால், மூளை வலியின் இடத்தை மாற்றி உணர்கிறது. சில நாட்களில் அகலும். ஆனால், வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சு விடாதிருந்தால் நுரையீரலில் சளி தங்கும், அதுவே ஆபத்து."

அதன்பின், வலி முற்றும்வரை காத்திராமல் பாராசிட்டமாலை வேளை தவறாது உண்டேன். வீக்கம் தணிக்கும் ஐபுபுரூஃபன் வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உடையவர்க்கு ஆகாது. ஆதலால் மருத்துவரைக் கேட்டே எடுத்துக்கொண்டேன். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்தேன், மெல்ல நடந்தேன். காய்ச்சலோ, மஞ்சட்காமாலையோ, நாளுக்கு நாள் மிகும் வயிற்று வலியோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

வலியை மறைப்பது வீரமன்று. உரிய நேரத்தில் உரைப்பதே அறிவு.