போர்க்காலத்துப் பள்ளிப்பிள்ளை



சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூரில் வாழ்பவன் நான். அடியார்களின் வரலாற்றைப் பாடப் புகுமுன், அவர்கள் வாழ்ந்த ஊர்களுக்கு அவர் நேரில் சென்று கேட்டறிந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நடந்ததைக் கதையாக்குவோன் நடந்த இடத்திற்குப் போயாக வேண்டும். போர்க்காலத்தில் ஓர் அரசு குழந்தைகளின் உள்ளத்தை எவ்வாறு தன்வயப்படுத்துகிறது என்பதைக் கதையாக எழுதப் புகுவோருக்கும் இம்முறை பொருந்தும்.

ஜெர்மனியில் ஹிட்லர் இளைஞர் படையில் சேர்வது 1939-இல் கட்டாயமாயிற்று. அப்படையில் வளர்ந்தவர் ஹான்ஸ் பீட்டர் ரிக்டர். பின்னாளில் 1962-இல் அவர் அவ்வனுபவத்தை இளைஞருக்கான நூலாக எழுதினார். ‘நாங்கள் அங்கே இருந்தோம்’ என்று பொருள்படுவது அதன் பெயர். ‘அவர்கள்’ என்று பிறரைச் சுட்டாமல் ‘நாங்கள்’ என்றார் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காகவே நூலைப் படிக்கலாம்.

நமக்கும் அத்தகைய களம் ஒன்று உண்டு. அது மலேயா. ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’ முதலிய நாவல்களில் அக்காலத்தைத் தீட்டியிருக்கிறார். ஆனால் அவை முதிர்ந்த வாசகருக்கானவை. இளையோருக்கென்றே எழுதிய தமிழ்க் கதை ஒன்றை நான் படித்ததில்லை. ஆகவே கதைக்கு ஒரு சிறுவனை நாமே படைத்துக்கொள்வோம். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன், வயது பத்து.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊரின் பெயர் ‘ஸியோனான்’ ஆயிற்று. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்திற்கு ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டன. ஏறத்தாழ எட்டு மணி ஆன பிறகே கதிரவன் தோன்றினான். சூரியனையே நேரம் மாறி எழச் செய்யும் அரசு ஒரு சிறுவனுக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்கும்! பள்ளியில் காலைதோறும் பேரரசரின் அரண்மனை இருக்கும் திசை நோக்கி வணக்கம், பின்பு உடற்பயிற்சி, நிப்பொங்கோ என்னும் ஜப்பானிய மொழிப் பாடம், புதிய பாட்டுகள்.

இவையெல்லாம் அவனுக்கு இன்பமாக இருந்தன என்று எழுத வேண்டும். இங்கேதான் பல கதாசிரியர்கள் தயங்குவர். கொடிய ஆசிரியர், அஞ்சி நடுங்கும் மாணவர் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அச்சத்தினால் மட்டும் பிள்ளைகளின் மனம் மாறுவதில்லை. வரிசையில் நிற்பதன் பெருமை, சேர்ந்து பாடுவதன் களிப்பு, ஆசிரியரின் ஒரு பாராட்டு ஆகியவையே அதிகம் வேலை செய்கின்றன. இது ஜப்பானியர் கண்டுபிடித்த வித்தையும் அன்று. அதற்கு முன் பேரரசு நாளன்று ஆங்கிலேயர் ஆட்சியும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித்தான் மன்னரை வாழ்த்தச் செய்தது.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்தார். சிறுவர்களுக்கென்று பாலசேனை எழுந்தது. இந்தியாவைக் கண்ணால் காணாத தோட்டத்துப் பெண்கள் பலர் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். நம் சிறுவன் காலையில் பள்ளியில் டோக்கியோவை வணங்குகிறான். மாலையில் பாலசேனையில் நின்று ‘ஜெய் ஹிந்த்’ என்று முழங்குகிறான். அணிவகுப்பு ஒன்றுபோலவே இருக்கிறது. முன்னது அயலான் திணித்தது; பின்னதோ அவனுடைய மக்களின் உண்மையான வேட்கை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாட்டை யார் விளக்கியிருப்பார்?

அவன் தந்தையையும் கதையில் மறக்கலாகாது. சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை அமைக்கத் தோட்டத்துத் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். முதலில் நல்ல கூலி என்றும், சில மாத வேலை என்றும் ஆசை காட்டினர். பிறகு வலிந்து பிடித்துச் சென்றனர். காலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் அடியாலும் பல்லாயிரவர் மாண்டனர். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தந்தை திரும்பவில்லை. மகனோ அந்த மாதமும் நிப்பொங்கோ பாடத்தில் பாராட்டுப் பெறுகிறான். தாய் அவனிடம் என்ன சொல்வாள்? சொன்னால் பிள்ளை பள்ளியில் உளறிவிடுவானோ என்று தன் மகனிடமே அஞ்சுவாளோ? வீட்டுக்குள் புகுந்த இந்த அச்சத்தை எழுதுவதுதான் கதாசிரியனுக்குக் கடினமான பணி.

ஒன்றை மட்டும் கதாசிரியன் செய்யலாகாது. ஜப்பானிய மொழியையே குற்றவாளியாக்கிவிடக் கூடாது. எங்கள் ஊருக்கு அருகே ஒரகடத்தில் ஜப்பானிய நிறுவனங்களின் தொழிற்சாலைகள் இன்று நிற்கின்றன. வேலையின் பொருட்டு அம்மொழியை விரும்பிக் கற்கும் தமிழ் இளைஞரும் உண்டு. அதே எழுத்துகளைத்தான் அன்று அந்தச் சிறுவனும் எழுதிப் பழகினான்.

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தனர். கடிகாரங்கள் மறுபடியும் ஒன்றரை மணி பின்னே சென்றன. ஜப்பானிய நாணயத் தாள்கள் வெறுங்காகிதமாயின. பழைய மன்னர் வாழ்த்து மீண்டும் வந்தது. அதைப் பாடச் சொல்லி ஆசிரியர் கையசைக்கும்போது, மூன்றரை ஆண்டுகளாக வேறு பாட்டுப் பாடிய நம் சிறுவன் வரிசையில் நிற்கிறான். அக்கதையை நான் எழுதினால் அந்தக் காலை வேளையிலிருந்தே தொடங்குவேன்.