கடைக்கு இடம் குறிக்க ஊரைக் கேட்கணும்!

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)



டாஸ்மாக் கடை பக்கத்தில் வந்துட்டா, நாற்று நட இறங்குகிற பொம்பளைங்க முதலில் பார்ப்பது தண்ணி இருக்கான்னு இல்லை, பாட்டில் சில்லு கிடக்கான்னுதான். வாங்கினவன் நம்ம வரப்பில் உட்கார்ந்து குடிக்கிறான். பம்புசெட் தொட்டியில் தண்ணி மோந்துக்கிறான். காலி பாட்டிலை வாய்க்கால் கல்லில் அடிச்சுப் போட்டுட்டுப் போயிடறான். மறுநாள் கிழிவது நம்ம காலும் மாட்டுக் காலும்தான்.

இதுக்குச் சட்டத்தில் என்ன இருக்கு? 1937 மதுவிலக்குச் சட்டத்தை 2003-இல் திருத்தி, சில்லறை விற்பனையை முழுசா டாஸ்மாக் கையில் கொடுத்தார்கள். நவம்பர் 29-இல் கடைகள் திறந்தன. கோயில், பள்ளிக்கூடத்திலிருந்து நகரத்தில் 50 மீட்டர், கிராமத்தில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்கணும் என்பது விதி. இந்தத் தூரக் கணக்கில் வயலும் இல்லை, ஊர் சம்மதமும் இல்லை.

கடை எப்படி நகர்ந்து வருதுன்னு 2017-இல் தமிழ்நாடே பார்த்தது. வழக்கறிஞர் கே.பாலு நடத்திய வழக்கில் 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. நல்ல தீர்ப்புதான். ஆனா மூடின கடைக்கு அதிகாரிகள் இடம் தேடினது தோட்டத்து ஓரமும் குடியிருப்பு ஓரமும்! திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரி அறைந்ததை டிவியில் பார்த்தோமே! அந்த ஜூலையிலேயே, நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை இல்லை என்று விளக்கமும் வந்தது. நகரத்துக் கடை ரோட்டிலேயே இருக்கலாம். கிராமத்துக் கடை மட்டும் உள்ளே வரணுமாம்.

நம்ம ரெண்டு ஊர் வழியாப் போவதும் திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலைதான். ரோட்டோரக் கடையைக் கிளப்பினால் எங்கே போகும்? மலையடிவாரத் தென்னந்தோப்புக்கும் கண்மாய்க்கரைக்கும்தான்.

காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று, உயர் நீதிமன்றம் சொல்லி 2022-இல் நீலகிரியில் ஆரம்பித்தார்கள். காட்டு விலங்கு கால் வெட்டுப்படுதேன்னு கவலை. வரவேற்கிறோம். நம்ம கால் என்ன இரும்பா? அதுவும் போக, உடைந்த சில்லுக்கு யார் 10 ரூபாய் தரப்போறா?

மகாராஷ்டிராவில் வேற ஏற்பாடு. பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் மனு கொடுத்தால் வாக்கெடுப்பு. சீட்டில் நிமிர்ந்த பாட்டில், படுத்த பாட்டில் என்று ரெண்டு படம். மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடை மூடணும்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்னு பயமுறுத்துகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தாங்களே, அப்போ டாஸ்மாக் திறந்துதானே இருந்தது?

நாம் கேட்பது சட்டத் திருத்தம். கிராம சபை ஒப்புதல் இல்லாமல் எந்த ஊராட்சியிலும் கடை வைக்கக் கூடாது. சபை வேண்டாம்னு தீர்மானம் போட்டால் கடையை எடுத்தே ஆகணும். கோயில், பள்ளியோடு பாசன வாய்க்கால், கண்மாய், சாகுபடி நிலத்தையும் தூரக் கணக்கில் சேர்க்கணும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபை நாள்கள். அடுத்து வருகிற சபைக்கு வீட்டுக்கு ரெண்டு பேர் வாங்க. ஒருத்தர் பொம்பளையா இருக்கட்டும். தீர்மானத்தை நோட்டில் எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்க. வெறும் தாளில் போடாதீங்க. நகலை வாங்கிக்கிட்டு, திங்கள்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு எல்லா ஊரும் சேர்ந்தே போவோம்.